18446744073709551615: 2^64 − 1-ஐத் தாளிலேயே காரணிப்படுத்த முடியுமா?

ஒற்றைப்படை

2^31 − 1 = 2147483647 பகா எண். 2^61 − 1-உம் பகா எண். அப்படியானால் 2^64 − 1?

எக்செல்லில் =2^64-1 என்று போட்டு முழு இலக்கமும் காட்டச் சொன்னால் 18446744073709600000 வருகிறது. இருபது இலக்கத்தையும் தட்டச்சு செய்தால் 18446744073709500000 ஆகிவிடுகிறது. இரண்டுமே பூச்சியத்தில் முடிகின்றன. 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் ஒற்றைப்படைதானே வரவேண்டும்? கருவியை நம்பாமல் காரணிகளை எடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

வகுமீதி

பகா எண் இல்லை. அடுக்கு 64 என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். அடுக்கு பகுபடும் எண்ணாக இருந்தால் 2^அடுக்கு − 1-உம் கட்டாயம் பகுபடும். 31, 61 இரண்டும் பகா எண்கள், அதனால் அங்கே வாய்ப்பாவது இருந்தது. (அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2^11 − 1 = 2047 = 23 × 89.)

தாளில் செய்ய ஒன்பதாம் வகுப்பில் படித்த முற்றொருமையே போதும்: வர்க்கங்களின் வித்தியாசம்.

2^64 − 1 = (2^32 + 1)(2^32 − 1)
2^32 − 1 = (2^16 + 1)(2^16 − 1)
2^16 − 1 = (2^8 + 1)(2^8 − 1)

இப்படியே இறங்கினால் கடைசியில் நிற்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது மட்டும் மேலும் உடையும்: 4294967297 = 641 × 6700417. ஆக மொத்தம் ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. வகுஎண்களின் எண்ணிக்கை 2^7 = 128.

நிரல்நடை

எக்செல் சங்கதி: அது எண்களை 64 பிட் மிதவைப் புள்ளியாக (நிரலில் 'டபுள்') வைத்துக்கொள்கிறது. அதில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட்தான். 2^63-க்கும் 2^64-க்கும் இடையில் அடுத்தடுத்த இரண்டு டபுள் எண்களின் இடைவெளி 2048. 2^64-க்குக் கீழே உள்ள முதல் டபுள் 18446744073709549568. நம் எண் 2^64-க்கு ஒன்றுதான் குறைவு என்பதால் நேராக 2^64-க்கு ஒட்டிக்கொள்கிறது. கழித்த அந்த 1 காணாமல் போய்விடுகிறது.

அதன்மேல் எக்செல் 15 இலக்கம்தான் காட்டும். சூத்திரமாகப் போட்டால் 15-ஆம் இலக்கத்தில் முழுமையாக்கிவிடும், அதனால் ...096. தட்டச்சு செய்தால் 15-க்குப் பின் வருவதை வெட்டிப் பூச்சியமாக்கிவிடும், அதனால் ...095. ஜாவாஸ்கிரிப்ட்டில் இதே எண் 18446744073709552000 என்று அச்சாகும். அங்கே பிக்இன்ட் (பெரிய முழு எண்களுக்கான வகை) பயன்படுத்த வேண்டும்.

பைத்தானில் முழு எண்ணுக்கு வரம்பில்லை. ஆனால் இரண்டு வழுக்கல் உண்டு. ஒன்று, அடுக்குக்கு ^ போடுவது. பைத்தானில் அது எக்ஸ்ஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1 தருவது), அடுக்குக்கு ** வேண்டும். 2^64-1 என்று எழுதினால் முதலில் 63 ஆகி, பிறகு 2-உடன் எக்ஸ்ஆர் ஆகி 61 வரும். வந்த 61-உம் பகா எண்ணாகப் போனதுதான் வேடிக்கை! இரண்டு, ஒற்றைச் சாய்கோட்டால் வகுப்பது. அது விடையை மறுபடி டபுள் ஆக்கிவிடும். // போட்டால்தான் 3-ஆல் வகுத்த ஈவு 6148914691236517205 என்று சரியாக வரும்.

ஒற்றைப்படை

நன்றி, வர்க்க வித்தியாசம் புரிந்தது. ஆனால் 4294967297-இல் 641 இருப்பது எப்படித் தெரிந்தது? 3, 7, 11, 13 என்று 641 வரைக்கும் வகுத்துப் பார்ப்பதா?

வகுமீதி

வேண்டியதில்லை, ஐந்தே வகுத்தல் போதும்.

ப என்ற பகா எண் 2^32 + 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அப்போது மட்டு ப-வில் (அதாவது ப-ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்த்தால்; −1 என்றால் மீதி ப − 1) 2^32 ≡ −1, எனவே 2^64 ≡ 1. 2-ஐ அடுக்கிக்கொண்டே போனால் முதன்முதலில் 1 வருவது சரியாக 64-ஆவது அடுக்கில்தான் (32-இல் −1 வந்துவிட்டதால் அதற்கு முன்னால் வந்திருக்க முடியாது). ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2^(ப−1) ≡ 1. ஆகவே 64 என்பது ப − 1-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். ப-வின் வடிவம் 64க + 1 (க ஒரு முழு எண்).

65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும்.

1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா இதை இன்னும் இறுக்கினார். ப-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே மட்டு ப-வில் 2 ஒரு வர்க்கம். அந்த வர்க்கமூலத்தை அடுக்கினால் 1 வர 128 அடுக்கு ஆகும். ஆக ப-வின் வடிவம் 128க + 1. இப்போது 641-க்குள் மிஞ்சுவது 257, 641 இரண்டுதான். 257-க்கு மட்டு 257-இல் 2^8 ≡ −1, எனவே 2^32 ≡ 1, 2^32 + 1-இன் மீதி 2. அதுவும் போயிற்று.

641-ஐச் சோதிக்கப் பத்து இலக்க வகுத்தல்கூட வேண்டாம், வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள்:

2^8 = 256
2^16 = 65536; 641 × 102 = 65382; மீதி 154
2^32: 154 × 154 = 23716; 641 × 36 = 23076; மீதி 640

640 என்றால் −1. 2^32 + 1-இன் மீதி 0. முடிந்தது.

கோட்டம்

இன்னும் சுருக்கமாக ஒரே மூச்சில்: 641 = 5 × 2^7 + 1, அதே 641 = 5^4 + 2^4. முதலாவதிலிருந்து 5 × 2^7 ≡ −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28 ≡ 1. இரண்டாவதிலிருந்து 5^4 ≡ −2^4. போட்டால் −2^32 ≡ 1.

அழகுதான், ஆனால் விடை தெரிந்த பின் வரும் அழகு. கண்டுபிடிக்க உதவுவது வகுமீதி சொன்ன வடிவம்தான்.

2^(2^க) + 1 வடிவ எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை அவர் சொன்னது சரி. ஆறாவதை 1732-இல் ஆய்லர் உடைத்தார்.

பூச்சியன்

நிரலில் ஃபெர்மா சோதனை (அடியை, எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்த மீதி 1-ஆ என்று பார்ப்பது) போட்டுப் பார்த்தேன்: 2-ஐ அடியாக வைத்து 4294967297-க்கு 1 வருகிறது. அப்படியானால் பகா எண் என்றுதானே அர்த்தம்?

வகுமீதி

இல்லை. ஃபெர்மா சோதனையில் 1 வரவில்லை என்றால் பகுபடும் எண் என்று உறுதி. 1 வந்தால் எதுவும் உறுதியில்லை.

இங்கே ஏன் ஏமாற்றுகிறது என்றால், மட்டு 4294967297-இல் 2-ஐ 64 முறை அடுக்கினால் 1. நீங்கள் அடுக்கியது 4294967296 = 2^32 முறை. 2^32-ஐ 64 மீதியின்றி வகுக்கும், அதனால் 1 வந்தே தீரும். இந்தக் குடும்பத்து எண் எதை எடுத்தாலும், பகா எண்ணோ இல்லையோ, 2-ஐ அடியாக வைத்தால் தேறிவிடும். 2 இங்கே நடுவர் இல்லை, வீட்டு ஆள்.

அடியை 3 ஆக்குங்கள். 3^(2^32)-ஐ 4294967297-ஆல் வகுத்த மீதி 3029026160. குட்டு உடைந்தது. இதற்கு முந்தைய படி, அதாவது 3^(2^31)-இன் மீதி 10324303. இந்தக் குடும்பத்து எண்களுக்கென்றே உள்ள பெப்பாங் சோதனைக்கு அதுவே போதும், பகா எண்ணாக இருந்தால் அங்கே −1 வந்திருக்க வேண்டும்.

2^64 − 1-க்கு வந்தால் நிலைமை வேறு. அங்கே அடுக்கு 2^64 − 2, அதை 64-ஆல் வகுத்த மீதி 62. 2^62 என்பது 1 இல்லை. 2-ஐ வைத்தே சோதனை பிடித்துவிடும்.

நிரல்நடை

பூச்சியன், எந்த மொழியில் எழுதினீர்கள்? சி என்றால் இந்த இடங்களைப் பாருங்கள்.

மட்டுப் பெருக்கல்: இரண்டு 64 பிட் எண்களைப் பெருக்கினால் 128 பிட் வரும். மேல் பாதி சத்தமில்லாமல் விழுந்துவிடும், நிரல் ஓடும், விடை தப்பு. நடுவில் 128 பிட் வகை வேண்டும். மட்டு 4294967297-க்குக்கூட இது பொருந்தும், 33 பிட் எண் அது. பெருக்கல் 65 பிட்டை எட்டும்.

2^64 − 1-ஐ உருவாக்குவது: 1-ஐ இடப்பக்கம் 64 இடம் நகர்த்தி ஒன்றைக் கழிக்காதீர்கள். 64 பிட் எண்ணை 64 இடம் நகர்த்துவது சி-யில் வரையறுக்கப்படாத நடத்தை. எக்ஸ்86 செயலியில் நகர்வு எண்ணின் கீழ் ஆறு பிட் மட்டுமே கணக்கு, 64 அங்கே 0 ஆகும், 1 நகராமல் நிற்கும், கழித்தால் 0. குறியில்லா வகையில் 0-வின் எல்லாப் பிட்டையும் புரட்டுவதே பத்திரம்.

வர்க்கமூலம்: டபுளாக மாற்றி மூலம் எடுத்தால் 4294967296 வரும். உண்மையான முழுப்பகுதி 4294967295. ஒன்று கூடிவிட்டது. அதை வர்க்கப்படுத்திச் சரிபார்க்கப் போனால் 2^64 ஆகி 0 என்று சுருண்டுவிடும்.

காரணி தேடும் சுற்றில் "வகுப்பான் × வகுப்பான் ≤ எண்" என்று எழுதுவது அடுத்த கண்ணி. 2^64 − 1-க்கு அது மாட்டாது. 3, 5, 17, 257, 641 ஒவ்வொன்றாகக் கழிந்து, 65537 கழிந்தவுடன் மிஞ்சுவது 6700417, 65537-இன் வர்க்கம் அதைத் தாண்டிவிட்டது, சுற்று நிற்கும். கண் இமைக்கும் நேரம். ஆனால் அதே நிரலுக்கு 18446744073709551557 (2^64 − 59, 64 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய பகா எண்) கொடுங்கள். வகுப்பான் 2^32-ஐத் தொட்டதும் வர்க்கம் 0 ஆகும், நிற்க வேண்டிய இடத்தில் சுற்று நிற்காமல் ஓடிக்கொண்டே போகும். "வகுப்பான் ≤ எண் ÷ வகுப்பான்" என்று எழுதினால் தப்பிக்கலாம்.

மணல்மேடு

முதல் கட்டத்தில் ஓர் அரிசி மணி, அடுத்தடுத்த கட்டத்தில் இரட்டிப்பு என்று போகும் சதுரங்கப் பலகைக் கதையில் வரும் எண் இதுதானே? கடைசிக் கட்டத்தில் 18446744073709551651 மணிகள்.

கோட்டம்

இரண்டு பிழை.

கடைசிக் கட்டத்தில் 2^63 = 9223372036854775808 மணிகள்தான். 64 கட்டங்களின் கூட்டுத்தொகைதான் 2^64 − 1. முந்தைய 63 கட்டங்களின் மொத்தத்தைவிடக் கடைசிக் கட்டத்தில் ஒன்று கூடுதல்.

அடுத்தது, கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். ...615, ...651 அல்ல. இலக்கக் கூட்டல் இதைப் பிடிக்காது: இரண்டுக்கும் 87. இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே. மும்மூன்று இலக்கமாகப் பிரித்து வலப்பக்கத்திலிருந்து கூட்டல், கழித்தல் மாற்றி மாற்றிப் போடுங்கள்:

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016

1001-ஆல் வகுத்த மீதி 15. 1001 = 7 × 11 × 13 என்பதால் ஒரே கணக்கில் மூன்று சோதனை: 7-க்கு மீதி 1, 11-க்கு 4, 13-க்கு 2. அடுக்கு வழியில் சரிபாருங்கள். மட்டு 7-இல் 2^3 ≡ 1, எனவே 2^64 ≡ 2, ஒன்று கழித்தால் 1. பொருந்துகிறது. உங்கள் எண்ணுக்கு 1052 வந்து மீதி 51, 7-க்கு மீதி 2. பொருந்தவில்லை.

கூட்டுத்தொகை 87 என்பதும் வீண் இல்லை. 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 3 ஒரே ஒரு முறைதான் காரணி என்று மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறது.

மணல்மேடு

மன்னிக்கவும், கைப்பிசகு. சொல்லால் எழுதிப் பார்த்தால் தவறு குறையும்: 1,84,467 கோடியே 44 இலட்சத்து 7 ஆயிரத்து 370 கோடியே, 95 இலட்சத்து 51 ஆயிரத்து 615. கோடி இரண்டு முறை வருகிறது.

அரிசி மணி ஒன்றுக்கு 25 மில்லிகிராம் என்று வைத்தால் சுமார் 46,000 கோடி டன். உலகம் ஓர் ஆண்டில் விளைவிக்கும் அரிசி 50 கோடி டன்னைச் சுற்றி என்பதால், கிட்டத்தட்ட 900 ஆண்டு விளைச்சல். நம் பக்கத்தில் இதே கதை அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

கோட்டம்

ஹனோய் கோபுரத்திலும் இதே எண். 64 தட்டுகளை மாற்ற 2^64 − 1 நகர்வு, நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,454 கோடி ஆண்டு. 1883-இல் அந்தப் புதிரை வெளியிட்டவரும் மேலே 128க + 1 சொன்ன அதே லூக்காதான்.

பூச்சியன்

அடி 3 போட்டேன், 3029026160 வந்தது. நன்றி. இந்த ஏழு காரணிகளுக்கு நடைமுறையில் பயன் ஏதாவது உண்டா, இல்லை அழகுக்கு மட்டும்தானா?

நிரல்நடை

உண்டு. 64 பிட் நிலை கொண்ட எக்ஸ்ஆர்-நகர்வு சமவாய்ப்பு எண் இயற்றி (2003-இல் மார்சாக்லியா வெளியிட்டது), 64 பிட் நேரியல் பின்னூட்ட நகர்வுப் பதிவேடு இரண்டுக்கும் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சுழற்சி நீளம் 2^64 − 1. மொத்த நிலைகள் 2^64, அதில் எல்லாப் பிட்டும் 0 என்ற நிலை தன்னிலேயே சிக்கிக்கொள்ளும், அதைக் கழித்தால் இது. (விதையாக 0 கொடுத்துவிட்டு "எப்போதும் 0-வே வருகிறது" என்று புலம்புவது இதனால்தான்.)

சுழற்சி முழு நீளமா என்று ஓட்டிப் பார்க்க முடியாது. செய்வது இதுதான்: ஒரு படி நகர்வை 64 × 64 அணியாக எழுதுங்கள். அதை 2^64 − 1 அடுக்குக்கு உயர்த்தினால் அலகு அணி வரவேண்டும். பிறகு ஏழு பகாக் காரணிகளுக்கும் ஒவ்வொரு முறை: (2^64 − 1) ÷ காரணி என்ற அடுக்குக்கு உயர்த்தினால் அலகு அணி வரக் கூடாது. மொத்தம் எட்டு அடுக்கேற்றம், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 64 வர்க்கப்படுத்தல்.

இப்போது 4294967297-ஐப் பகா எண் என்று நம்பி ஆறு காரணியோடு நிறுத்திவிட்டால்? சுழற்சி உண்மையில் 641-இல் ஒரு பங்குதான் என்று வையுங்கள். நீங்கள் சோதிக்கும் ஆறு அடுக்குகளில் எதுவும் அதைக் காட்டாது. 4294967295 என்ற அடுக்கு அந்தச் சுழற்சியின் மடங்கு அல்ல, மற்ற ஐந்தும் அல்ல. குறைச் சுழற்சி முழுச் சுழற்சியாகத் தேறிவிடும். 641-ஐ விட்டால் சோதனையே பொய்.

பதிவேட்டுக்கு 64, 63, 61, 60 ஆகிய தட்டுமுனைகள் (பின்னூட்டத்துக்கு எடுக்கும் பிட் இடங்கள்) பரவலாகப் பயன்படும் முழுச் சுழற்சித் தேர்வு. தட்டுமுனைத் தேர்வைப் பல்லுறுப்புக்கோவையாக எழுதினால், முழுச் சுழற்சி தரும் 64-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவைகள் மொத்தம் எத்தனை என்பதும் இந்த ஏழு காரணிகளிலிருந்தே வரும். ஒவ்வொரு காரணியிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் 9208981628670443520. அதை 64-ஆல் வகுத்தால் 143890337947975680.

கோட்டம்

அந்த ஒன்று கழித்த பெருக்கலில்தான் (ஆய்லர் சார்பு) வடிவியல் ஒளிந்திருக்கிறது. 3, 5, 17, 257, 65537-இல் ஒன்றைக் கழித்தால் 2, 4, 16, 256, 65536: எல்லாம் 2-இன் அடுக்குகள். அதனால் 4294967295 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோல், கவராயம் இரண்டால் வரைய முடியும் (கொள்கையளவில்தான், தாளுக்கு எங்கே போவது). அப்படி வரையத்தக்கவற்றில் ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை கொண்டவற்றுள் இன்றுவரை தெரிந்த பெரியது அது. 2^64 − 1 பக்கத்துக்கு முடியாது. 641 − 1 = 640 = 2^7 × 5. அந்த 5 கெடுத்துவிட்டது. இவற்றை வரையலாம் என்று 1801-இல் காட்டியவர் காஸ், மற்றவற்றை வரையவே முடியாது என்று 1837-இல் நிறுவியவர் வான்ட்செல்.

வேறு சில்லறைத் தகவல்கள்: 8-ஆல் வகுத்த மீதி 7 என்பதால் மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது, நான்கு வேண்டும். வகுஎண்களின் கூட்டுத்தொகை எண்ணைப் போல் சுமார் 1.7034 மடங்கு, இரண்டை எட்டவில்லை, எனவே குறைவெண்.

ஒற்றைப்படை

ஒரு சந்தேகம் மிச்சம். 6700417 பகா எண் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அதை எப்படித் தாளில் நிறுவுவது? வர்க்கமூலம் 2588 வருகிறது, அதுவரை நிறையப் பகா எண்கள் இருக்கின்றன.

வகுமீதி

நல்ல கேள்வி. 6700417-இன் காரணி எதுவானாலும் அது 4294967297-இன் காரணியும்தான். எனவே அதே 128க + 1 வடிவம். 2588-க்குள் அந்த வடிவத்தில் இருபது எண்கள், அதில் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409.

257 × 26071 = 6700247, மீதி 170
641 × 10453 = 6700373, மீதி 44
769 × 8713 = 6700297, மீதி 120

கடைசி இரண்டை நீங்கள் போடுங்கள்.

ஒற்றைப்படை

1153 × 5811 = 6700083, மீதி 334
1409 × 4755 = 6699785, மீதி 632

கோட்டம்

1409-இல் பெருக்கல் பிசகு. 4755 × 1400 = 6657000, 4755 × 9 = 42795, கூட்டினால் 6699795. மீதி 622.

ஒற்றைப்படை

ஆமாம், 622. பூச்சியம் இல்லை. 6700417 பகா எண்.